தொற்றுநோய்த் தடுப்பும் மக்கள் மொழியும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர் என்பன அவை. நோயுற்றவரே முதற்கண் வைக்கப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர் பலர் வகுப்பில் எடுத்துக்காட்டியிருப்பர். உரையாசிரியர் பரிமேலழகர் இன்னும் ஒருபடி மேற்சென்று, நோயுற்றவர்க்கு வேண்டிய இயல்புகளையும் நான்காகப் பிரிக்கிறார். கையில் பொருள் இருத்தல், மருத்துவர் சொற்படி நடத்தல், தம் நோயின் நிலையை எடுத்துச் சொல்லுதல், மருத்துவத்தால் வரும் துன்பத்தைத் தாங்குதல் என்பது அவர் கருத்து.

இவ்வுரை தனி ஒருவரின் பிணியைக் குறித்து எழுந்ததாயினும், ஊர் முழுவதையும் தாக்கும் தொற்றுநோய்க்கும் நன்கு பொருந்துகிறது. அரசு மருத்துவமனை கட்டலாம். மருந்து வாங்கிக் குவிக்கலாம். ஆயினும், 'எனக்குக் காய்ச்சல்' என்னும் முதற்சொல் நோயாளியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். அச்சொல்லை அவரிடம் எந்த மொழியில் கேட்கிறோம், சொல்வதால் அவருக்கு இழப்பு நேருமா என்னும் இரண்டையும் பொறுத்தே நோய் அடங்குவதும் பரவுவதும் பெரிதும் அமைகின்றன. இவ்வுண்மையைச் சிங்கப்பூரில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளைவ் தெருக் காய்ச்சல்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன், டன்லப் தெரு ஆகியவற்றின் அருகே உள்ளது கிளைவ் தெரு. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த பழைய கடைவீடுகள் நிறைந்த பகுதி அது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தெருவை மையமாகக் கொண்டு சிக்குன்குனியாக் காய்ச்சல் தோன்றியது. வெளிநாடு சென்று திரும்பிய சிலரிடம் அந்நோய் முன்னரே காணப்பட்டதுண்டு. ஆனால் சிங்கப்பூருக்குள்ளேயே கொசுவின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியதாக உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை.

தமிழர்க்கு இந்நோய் புதியதன்று. 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவில் கண்டறியப்பட்டு, அங்குள்ள மக்கொண்டே மொழியிலிருந்து பெயர் பெற்றது. மூட்டுவலியால் உடல் வளைந்து முறுகுவதை அப்பெயர் குறிக்கும். 1964இல் சென்னையில் பரவியது. பின்னர்ப் பல்லாண்டு அடங்கியிருந்து, 2006இல் இந்தியாவில் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டில் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருக்கலாமென ஐயுறப்பட்டது. அக்காலத்தில் தமிழ்நாட்டில் 'சிக்கன் குனியா' என்று பெயரைத் திரித்து வழங்கி, கோழிக்கறியால் வருவதோ என்று அஞ்சியோரும் உண்டு. பொருள் விளங்காத பெயர் எத்தகைய மயக்கத்தைத் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

கிளைவ் தெருவில் நோய் கண்டவுடன் சுகாதார அமைச்சும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் விரைந்து இறங்கின. நோயுற்றவர்கள் டான் டோக் செங் மருத்துவமனையைச் சார்ந்த தொற்றுநோய் நிலையத்தில் சேர்க்கப்பட்டனர். அப்பகுதியில் வசிப்போரும் வேலை செய்வோரும் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். வீடுவீடாகக் கொசு பெருகுமிடங்கள் தேடி அழிக்கப்பட்டன. பிப்ரவரி இறுதிக்குள் அப்பரவல் நின்றது. அதில் நோயுற்றவர் 13 பேர் மட்டுமே. ஆயினும் அதே ஆண்டின் பிற்பகுதியில் நோய் வேறு இடங்களில் புகுந்தது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் நோயுற்றோர் 700க்கும் மேற்பட்டனர். ஒரு தெருவில் பெற்ற வெற்றி ஒரு நாட்டின் வெற்றி ஆகிவிடாது என்பதும் இதனால் விளங்கும்.

முதல் வாரத்தின் அருமை

நோயாளிகளை மருத்துவமனையில் சேர்த்தது அவர்களைக் குணப்படுத்த மட்டுமன்று. அவர்களைக் கொசு கடிக்காமல் காப்பதற்குமாகும். இதன் காரணத்தை அறிவது நன்று.

சிக்குன்குனியா, டெங்கி ஆகிய இரண்டும் ஏடிஸ் என்னும் கொசுவால் பரவுவன. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் நோயாளியின் இரத்தத்தில் கிருமி மிகுதியாக இருக்கும். அந்நாள்களில் கடிக்கும் கொசு அக்கிருமியை ஏற்றுக்கொள்கிறது. கிருமி கொசுவின் உடலில் சில நாள் பெருகி, உமிழ்நீரை அடைந்த பின்னரே, அது கடிக்கும் அடுத்தவர்க்கு நோய் வரும். ஒரு வாரம் கடந்தபின் நோயாளியின் மூட்டுவலி நீடிக்கலாம். ஆனால் அவரைக் கடிக்கும் கொசுவுக்குக் கிருமி கிடைப்பது அரிது. ஆகவே நோய்ச் சங்கிலியை வெட்டுவதற்குரிய காலம் காய்ச்சலின் முதல் வாரமே.

அந்த முதல் வாரத்தில் பலரும் செய்வதென்ன? காய்ச்சல் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். உடம்பு வலியை உழைப்பின் வலி என்றே எண்ணிக்கொள்கின்றனர். மருத்துவரிடம் சென்றால் விடுப்பு எடுக்கச் சொல்வார், விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும், சம்பளம் குறைந்தால் ஊரில் வாங்கிய கடன் அடையாது என்று கணக்கிடுகின்றனர். அவர்கள் கணக்கிலும் பிழை உண்டென்று சொல்ல முடியாது. நோய்த்தடுப்பு அறிவிப்பு எழுதுவோர் இக்கணக்கை மனத்திற்கொள்ளாவிடில், எத்தனை சுவரொட்டி ஒட்டினும் பயன் சிறிதே.

'தூய்மை' என்னும் சொல் தரும் மயக்கம்

முதலில் மொழியைப் பற்றிக் காண்போம். கொசு என்றதும் நம் நினைவுக்கு வருவது சாக்கடை. அழுக்கு நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் என்னும் இனத்தைக் கண்டே நாம் இவ்வெண்ணத்தை வளர்த்துக்கொண்டோம். ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் தெளிந்த தேங்கிய நீரையே நாடும். பூச்சாடியின் அடித்தட்டு, வாளி, துணி உலர்த்தும் மூங்கில் கழியைச் செருகும் குழாய், கடைவீட்டின் கூரைத் தூம்பு, கட்டுமானத் தளத்தில் மழை தங்கிய பள்ளம் ஆகியன அதன் பிறப்பிடங்கள். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நீர் வற்றினும் அதன் முட்டை பல மாதம் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். அது பகலில் கடிப்பது.

இந்நிலையில் 'சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்பீர்' என்று மட்டும் எழுதினால், வீட்டை நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் இல்லத்தரசி அவ்வறிவிப்புத் தமக்கன்று என்றே கருதுவார். பூசைமாடத்தின் அருகே மணிப்பிளாண்ட் கொடி நிற்கும் கண்ணாடிக் குவளையை அவர் ஐயுறமாட்டார். அந்நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கிறதன்றோ! 'வாரம் ஒருமுறை இந்தக் குவளையின் நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்' என்று சொல்வதே உரிய மொழி. பொதுச்சொல் பண்பைக் கூறும்; குறிப்புச்சொல் செயலைக் கூறும். நோய்த்தடுப்புக்கு வேண்டியது பின்னதே.

சிங்கப்பூரின் கொசு ஒழிப்பு வரலாறும் இதனை உணர்த்தும். 1966இல் ஆய்வு செய்யப்பட்ட இடங்களில் 100க்கு ஏறத்தாழ 48 இடங்களில் ஏடிஸ் கொசு பெருகிக்கொண்டிருந்தது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. சட்டத்தோடு வீடுவீடாகச் சென்று காட்டிக் கற்பித்தலும் சேர்ந்தமையால், 1980களின் தொடக்கத்தில் இவ்வளவு 100க்கு 2 என்னும் நிலைக்கு இறங்கியது. எனினும் டெங்கி மறையவில்லை. கொசு குறைந்ததால் நோய்க்கு ஆளாகாமலே வளர்ந்தோர் மிகுந்தனர். அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. எனவே சிறிதளவு கொசுவே பெரும்பரவலுக்குப் போதுமாயிற்று. 2013இல் 22,000க்கும் மேற்பட்டோர்க்கும், 2020இல் 35,000க்கும் மேற்பட்டோர்க்கும் டெங்கி கண்டது. முந்தைய தலைமுறை கற்ற பாடத்தை அடுத்த தலைமுறைக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு சொல், இரு பொருள்

மயக்கம் தரும் மற்றொரு சொல் 'தனிமைப்படுத்துதல்'. கொவிட்-19 காலத்தில் தமிழுலகெங்கும் வழங்கிய சொல் இது. ஆயினும் இரு வேறு செயல்களை இவ்வொரு சொல்லால் குறித்தோம். நோய் உறுதியானவரை மற்றவரிடமிருந்து பிரித்து வைத்தல் ஒன்று. நோயாளியுடன் பழகியவரை, அவர்க்கு நோய் வருமா என்று குறித்த நாள்வரை பார்த்திருக்க வைத்தல் மற்றொன்று. முன்னதை ஐசொலேஷன் என்றும் பின்னதைக் குவாரண்டைன் என்றும் மருத்துவர் பிரித்து வழங்குவர்.

குவாரண்டைன் என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரம், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று விதித்தது. பிற்காலத்தில் அது 40 நாளாக நீண்டது. நாற்பது என்னும் எண்ணின் இத்தாலியப் பெயரே இச்சொல்லாயிற்று. சிங்கப்பூரிலும் 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் இத்தகைய நிலையம் ஏற்பட்டது. கப்பலேறி வந்த தமிழர் பலரும் அங்கே தங்கவைக்கப்பட்டனர்.

ஒரே சொல் இரண்டையும் குறித்தால் என்ன கேடு? நோயில்லாத ஒருவரிடம் 'உங்களைத் தனிமைப்படுத்துகிறோம்' என்று சொன்னால், தமக்கு நோய் வந்துவிட்டதென்று அவர் நடுங்குவார். தொலைபேசியில் அச்செய்தியைக் கேட்கும் ஊரிலுள்ள தாய் அழுவார். அக்கம்பக்கத்தார் விலகிச் செல்வர். புதிய கலைச்சொல் ஆக்குவோர் ஆக்குக. அதுவரையில் 'உங்களுக்கு நோய் இல்லை. வருமா என்று சில நாள் பார்க்கிறோம்' என்று விரித்துரைப்பதில் குறையொன்றுமில்லை.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியையும் மறத்தலாகாது. 'காய்ச்சல் அறிகுறிகள் தென்படின் உடனடியாக மருத்துவ ஆலோசனை பெறவும்' என்பது பிழையற்ற வாக்கியம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பிய ஒருவர் அதனை நின்று படிப்பாரா? 'உடம்பு சுடுதா? இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க' என்பது காதில் விழுந்தவுடன் பொருள் தரும். அறிவிப்புப் பலகைக்கு ஒரு நடை, ஒலிபரப்புக்கும் ஒலிப்பதிவுச் செய்திக்கும் ஒரு நடை என்று வகுத்துக்கொள்வதால் தமிழின் மதிப்புக் குறைந்துவிடாது.

அச்சுறுத்தினால் நோய் ஒளியும்

மொழி எத்துணைத் தெளிவாயினும், சொல்பவர்க்கு இழப்பு வருமாயின் அவர் வாய்திறவார். 1897இல் பூனாவில் பிளேக் நோய் பரவியபோது, ஆங்கில அரசு படைவீரரைக் கொண்டு வீடு புகுந்து நோயாளிகளைத் தேடியது. பெண்டிர் இருக்கும் அறைகளிலும் நுழைந்தனர். பண்டபாத்திரங்களை வெளியே எறிந்தனர். மக்கள் நோயாளிகளை மறைத்தனர். மறைக்க மறைக்க நோய் பரவியது. மக்களின் சினம் முற்றி, பிளேக் குழுத் தலைவர் ராண்ட் என்பவர் அவ்வாண்டு ஜூன் 22 அன்று சுடப்பட்டார். நோயைத் தேடியவர்கள் மக்களின் நம்பிக்கையைத் தொலைத்தனர்.

இதற்கு மாறான வழி 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது சிங்கப்பூரில் காணப்பட்டது. 238 பேரைத் தாக்கி 33 பேரின் உயிரைக் கவர்ந்த நோய் அது. நோயாளியுடன் பழகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆணை கடுமையானது; மீறியோர்க்குத் தண்டனையும் உண்டு. ஆனால் அவ்வாணையால் வருமானம் இழந்த சுயதொழில் செய்வோர்க்கு உதவித்தொகை அளிக்கும் திட்டமும் உடன் வந்தது. கட்டளையோடு கைகொடுத்தலும் சேர்ந்திருந்தமையே அதன் சிறப்பு.

2020இல் இவ்விரு நெறிகளும் பெருஞ்சோதனைக்கு உள்ளாயின. அவ்வாண்டு மார்ச் இறுதியில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொவிட்-19 புகுந்தது. ஏப்ரல் 5 அன்று இரு பெரிய விடுதிகள் தனிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன; பின்னர் எல்லா விடுதிகளிலும் நடமாட்டம் நிறுத்தப்பட்டது. விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 323,000 பேரில் 54,505 பேர்க்கு நோய் இருப்பதை டிசம்பர் நடுப்பகுதிக்குள் பரிசோதனைகள் காட்டியிருந்தன. மேலும் 98,289 பேர்க்கு நோய் வந்து போயிருந்ததை இரத்தச் சோதனை பின்னரே காட்டியது. 100க்கு 47 பேர் என்பது இதன் பொருள். இப்பிற்பட்ட தொகையினர் அனைவரும் நோயை மறைத்தார்கள் என்று கொள்வது தவறு. பலர்க்கு அறிகுறியே இல்லை. ஓர் அறையில் பத்துக்கும் மேற்பட்டோர் படுத்துறங்கும் இடத்தில், அறிவுரை மட்டும் நோயைத் தடுக்கவல்லதன்று. 2021இல் புதிய விடுதிகளுக்கு ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று அரசு வரம்பிட்டது இதனை உணர்ந்தே ஆகும்.

அந்நெருக்கடியில் ஊழியர்களிடம் சென்று பேசிய முதற்செய்திகளுள் ஒன்று, அவர்கள் சம்பளம் நிற்காது, சிகிச்சைக்குச் செலவில்லை என்பது. தமிழ், வங்காளி முதலிய மொழிகளில் செய்திகள் சென்றன. மருத்துவருக்கும் ஊழியருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கத் தன்னார்வலர் பலர் முன்வந்தனர். 'வலி குத்துகிறதா, எரிகிறதா, மூச்சு வாங்குகிறதா' என்பனபோன்ற கேள்விகளைத் தாய்மொழியில் கேட்டபோதுதான் நோயின் நிலை மருத்துவர்க்கு விளங்கியது. அதே வேளையில், நாட்டின் மற்ற மக்களுக்குத் தளர்த்தப்பட்ட பின்னும் விடுதிவாசிகளுக்குக் கட்டுப்பாடு நெடுநாள் நீடித்தது. 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா, கேலாங் சிராய் ஆகிய இடங்களுக்குச் சென்றுவர முன்னோட்டமாக அனுமதி கிடைத்தது. ஞாயிறுதோறும் தேக்கா சந்தையிலும் கோயிலிலும் நண்பரைக் கண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவந்த ஒருவருக்கு அவ்விடைவெளி எத்தகைய துன்பம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நோயைச் சொன்னால் அடைபடுவோம் என்னும் அச்சம் ஒருமுறை வேரூன்றினால், அடுத்த நோய் வரும்போது அது தடையாக நிற்கும்.

எழுத வேண்டியதும் எழுதாமல் விடுவதும்

நிலைமையைச் சீர்செய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2022 ஏப்ரல் முதல் விடுதிகளில் வாழும் ஊழியர்க்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பதப்படுத்தும் தொழில் ஆகியவற்றில் வேலைசெய்வோர்க்கும் அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. முதலாளி முன்கூட்டியே பணம் செலுத்திவிடுவார்; ஊழியர் மருத்துவ நிலையத்துக்கு ஒருமுறை செல்ல 5 வெள்ளியும், தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளியும் கொடுத்தால் போதும் என்பது அத்திட்டம் வந்தபோது வகுத்த முறை. மேலும், மூன்று மாதம் பணிபுரிந்த ஊழியர்க்குச் சம்பளத்துடன் நோய்விடுப்புப் பெறும் உரிமை சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தில் தொடங்குகிறது. ஆறு மாதம் நிறைந்தவர்க்கு, மருத்துவமனையில் தங்கும் நாள்கள் நீங்கலாக, ஆண்டுக்கு 14 நாள் அவ்வுரிமை உண்டு.

ஆனால் காய்ச்சலைப் பற்றிய அறிவிப்பின் அருகிலேயே இச்செய்தி எழுதப்பட வேண்டும். 'டாக்டரைப் பாருங்கள்' என்னும் வரிக்குக் கீழே, 'எம்.சி. எடுத்தால் சம்பளம் பிடிக்கமாட்டார்கள். இத்தனை நாள் உங்களுக்கு உரிமை உண்டு. பிடித்தால் இங்கே சொல்லுங்கள்' என்னும் வரியும் இருந்தால், படிப்பவர் தம் கணக்கை மாற்றிப் போடுவார். பெரும்பாலும் எழுதாமல் விடப்படுவது இவ்வரிதான். மருத்துவச் செய்தி ஒரு துறையினது, சம்பளச் செய்தி இன்னொரு துறையினது என்று பிரிந்து நிற்பதால் இக்குறை நேர்கிறது. நோயாளிக்கோ இரண்டும் ஒரே செய்தி.

இனி, இதனை யார் சொல்வது? அதிகாரி சொன்னால் ஆணையாகிவிடுகிறது. சாப்பாட்டுக் கடைக்காரர், முடிதிருத்துபவர், கோயில் தொண்டர், விடுதியின் அதே மாடியில் வாழும் மூத்த ஊழியர் ஆகியோர் சொன்னால் அது அறிந்தவர் சொல்லாகிறது. அவர்களுக்கு முதலில் கற்பித்து, அவர்கள் எழுப்பும் கேள்விகளைக் கேட்டு, அக்கேள்விகளுக்கு விடையாக அறிவிப்பை எழுதுதல் வேண்டும். இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. அறிவிப்பு அச்சேறுமுன் அதனை மூன்று பேரிடம் படித்துக்காட்டி, 'இதைக் கேட்டபின் நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?' என்று வினவுதல் எளிய தேர்வு. மூவரும் ஒரே விடை தந்தால் அத்தமிழ் நல்ல தமிழ். மாணவர்க்கும் இதுவே சிறந்த கட்டுரைப் பயிற்சியாகும்: கொசுவின் தீமையைப் பற்றிப் பொதுவாக எழுதச் சொல்லாமல், தம் வீட்டில் நீர் தேங்கும் ஐந்து இடங்களைக் கண்டு எழுதச் சொல்லலாம்.

டான் டோக் செங் மருத்துவமனையைச் சார்ந்த தொற்றுநோய் நிலையம் பின்னர் மூடப்பட்டு, அதன் பணியை 2019இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையம் ஏற்றது. கட்டடங்களும் கருவிகளும் வளர்ந்துள்ளன. வள்ளுவர் வகுத்த நான்கனுள் மருத்துவர், மருந்து, துணைநிற்போர் ஆகிய மூன்றும் இன்று ஓங்கி நிற்கின்றன. முதலில் வைக்கப்பட்ட நோயுற்றவர், தம் நிலையை எடுத்துச் சொல்லும் துணிவும் அதற்கு வேண்டிய பொருள்வலிமையும் பெறுவது எஞ்சி நிற்கிறது. அவர் காய்ச்சலின் முதல் நாளிலேயே தம் மொழியில் அஞ்சாமல் அதைச் சொல்லக்கூடிய ஊரே நோயை வெல்லும் ஊராகும்.